தாயக்கட்டையும் நிகழ்தகவும்

நிகழ்தகவுக் கணக்குகளில் மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: எங்கே அடுக்கைப் பயன்படுத்துவது, எங்கே சேர்மானத்தைப் பயன்படுத்துவது? ஒரே சோதனை மாறாத நிலையில் திரும்பத் திரும்ப நடந்தால் அடுக்கு வரும். வரிசையைப் பொருட்படுத்தாமல் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வழிகளை எண்ணும்போது சேர்மானம் வரும். சில கணக்குகளில் இரண்டும் சேர்ந்தே வரும். தமிழர் விளையாட்டான தாயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கூறுவெளி

பரவலாகப் புழங்கும் தாயக்கட்டைக்கு நான்கு நீள்பக்கங்கள் உண்டு. ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டு கட்டைகளை உருட்டினால் 4² = 16 விளைவுகள். கூட்டுத்தொகை 1 வருவதே தாயம். அது (0,1), (1,0) என இரு வழிகளில் மட்டுமே விழும். எனவே தாயத்தின் நிகழ்தகவு 2/16 = 1/8. தாயம் விழாமைக்கான நிகழ்தகவு 7/8.

அடுக்கு

தாயம் விழுந்தால்தான் காயை இறக்கலாம். "எட்டில் ஒன்று என்றால், எட்டு முறை உருட்டினால் கட்டாயம் விழுமே" என்று பலர் எண்ணுவர். அது தவறு. எட்டு முறையும் விழாமல் போகும் நிகழ்தகவு (7/8)⁸, அதாவது ஏறக்குறைய 0.34. ஆகவே ஒருமுறையேனும் விழும் நிகழ்தகவு 1 − 0.34 = 0.66. "குறைந்தது ஒன்று" என்று வினாவில் இருந்தால், "ஒன்றுகூட இல்லை" என்பதைக் கண்டு 1-இலிருந்து கழிப்பதே எளிய வழி.

சேர்மானமும் அடுக்கும்

எட்டு எறிதல்களில் சரியாக இரண்டு தாயம் விழ வேண்டும் என்போம். அவை எந்த இரண்டு எறிதல்கள் என்பதை (8×7)/(2×1) = 28 வழிகளில் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு வழிக்கும் நிகழ்தகவு (1/8)² × (7/8)⁶. இதை 28-ஆல் பெருக்கக் கிடைப்பது ஏறக்குறைய 0.20. இது ஈருறுப்புப் பரவலின் ஓர் உறுப்பு. 28-ஆல் பெருக்க மறப்பதே தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை.

திரும்ப வைக்காத தேர்வு

ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்கூடம் ஒன்றில் 10 திருகாணிகள் கொண்ட பெட்டியில் 2 பழுதானவை என்று கொள்வோம். மூன்றை எடுத்துச் சோதிக்கிறார்கள். எடுத்ததைத் திரும்பப் போடுவதில்லை. மூன்றும் நல்லவையாக இருக்க நிகழ்தகவு:

நல்ல 8-இல் 3 எடுக்கும் வழிகள் = 56
மொத்தம் 10-இல் 3 எடுக்கும் வழிகள் = 120
நிகழ்தகவு = 56/120 = 7/15 ≈ 0.47

ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தால் விடை (8/10)³ = 0.512. வினாவில் உள்ள "திரும்ப வைக்காமல்" என்ற சொற்களே வழியை மாற்றிவிடுகின்றன.

வரலாறு

சேர்மானங்களைக் காணும் பொது விதியை, 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் அமோகவர்சரின் காலத்தில் கருநாடகத்தில் வாழ்ந்த மகாவீரர் தம் கணிதசாரசங்கிரகத்தில் தந்துள்ளார். நிகழ்தகவுக் கோட்பாடு, 1654-இல் பாசுகலும் பெர்மாவும் சூதாட்டக் கணக்குகள் குறித்து எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து வளர்ந்தது.

கவனிக்க வேண்டியது

கட்டைக்கு நினைவு இல்லை. பத்து முறை தாயம் விழாவிட்டாலும் பதினோராம் முறை விழும் நிகழ்தகவு அதே 1/8 தான். "இத்தனை முறை தோற்றோம், இனி வந்தே தீரும்" என்று பணம் வைத்து ஆடுபவர் நம்புவது இந்த உண்மையை மறந்துதான். மேலும், கட்டையின் நான்கு பக்கங்களும் சமவாய்ப்புடையவை என்பது நாம் கொள்ளும் எடுகோள். சோழி குப்புற விழுவதும் மல்லாந்து விழுவதும் சமவாய்ப்பு என்று அப்படிக் கொள்ள முடியாது. அதன் இரு பக்கங்களும் ஒரே வடிவம் அல்ல. அங்கே பலமுறை எறிந்து பார்த்தே நிகழ்தகவை மதிப்பிட வேண்டும்.