விளக்கு பொய் சொல்லுமா?

சாவியைத் திருப்பியதும் லாரி ஓட்டுநரின் கண்முன் எண்ணெய்க் குடுவை வடிவில் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அது அணைந்துவிட வேண்டும். அணையாது நின்றாலும், வழியில் மீண்டும் எரிந்தாலும் இரண்டில் ஒன்று நேர்ந்திருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அல்லது அழுத்தத்தை அறிவிக்கும் ‘ஆயில் சென்சார்’ என்ற உணரி கெட்டிருக்கலாம். முன்னது எஞ்சினின் உயிரைப் பற்றியது. பின்னது சிறு செலவு. எது என்று எவ்வாறு அறிவது?

இக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் தாய்மாமன் நாமக்கல்லைச் சேர்ந்த லாரி ஓட்டுநர். முன்னர் அவரிடம் சொந்த லாரி ஒன்று இருந்தது. ஒருமுறை துமகூருக்கு அருகில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தது. சாலையோரத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, “வெறும் சென்சார்தான்” என்று கம்பியைப் பிடுங்கிவிட்டார். விளக்கு அணைந்தது, மாமாவின் மனக் கலக்கமும் அணைந்தது. முப்பது கிலோமீட்டர் போவதற்குள் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தபோது, எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வடிகட்டி கசடு மண்டி அடைத்திருந்தது. பேரிங்குகள் உருகி, கிராங்க் தண்டு கீறிப் போயிருந்தது. கடன் ஏறியது, லாரி கைமாறியது. இன்று அவர் பிறர் வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். விளக்கு அன்று பொய் சொல்லவில்லை. உண்மை சொன்ன வாயை நாம்தான் அடைத்துவிட்டோம்.

எண்ணெய்க்கு அழுத்தம் எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். எஞ்சினின் அடியில் உள்ள ‘சம்ப்’ என்னும் தொட்டியிலிருந்து பம்பு எண்ணெயை இழுத்து, வடிகட்டியின் வழியே முதன்மைக் கால்வாயில் செலுத்துகிறது. அங்கிருந்து கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கும், டர்போ சுழலிக்கும் கிளைகள் பிரிகின்றன. தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள வெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அந்த மெல்லிய இடுக்கில் எண்ணெய் இருக்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. தண்டு எண்ணெயில் மிதந்து சுழலும்.

இந்த உண்மை தற்செயலாகத் தெரிய வந்தது. 1880களில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்னும் பொறியாளர் ஒரு பேரிங்கின் உச்சியில் எண்ணெய் விடத் துளை இட்டார். தண்டு சுழன்றதும் எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக வெளியே பொங்கி வந்தது. மர முளையால் துளையை அடைத்தார். முளை வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்தியபோது சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேல் காட்டிற்று! சுழலும் தண்டே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்து, தன்னைத் தாங்கும் படலத்தை உண்டாக்கிக் கொள்கிறது என்பதை 1886இல் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் விளக்கினார். பம்பின் வேலை அந்தப் படலத்துக்கு இடைவிடாது எண்ணெய் ஊட்டுவதே. ஊட்டம் நின்றால் படலம் அறுகிறது. அறுந்த சில நிமிடங்களில் அழிவு நேர்கிறது.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை மாமாவிடமிருந்து தொலைபேசி வந்தது. சரக்கோடு புனே நோக்கி வந்தவர் ஷிர்வளுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தார். “மாப்பிள்ளை, மறுபடியும் அந்தச் சிவப்பு லைட்டுதான். வண்டியை உடனே ஓரங்கட்டி நிறுத்திட்டேன். இங்கே ஒருத்தர் வயரைப் பிடுங்கிட்டுப் போயிடலாம்ங்கறார். நீ படிச்ச படிப்பு என்ன சொல்லுது?” என்றார். நான் ஸ்வார்கேட்டில் பேருந்து ஏறினேன். நான் சேர்வதற்குள் மராத்தி மெக்கானிக் ஒருவர் அங்கு வந்திருந்தார். அவர் சொன்ன முதல் வாக்கியம் இன்றும் என் நினைவில் நிற்கிறது: “ஆதீ தேல், மக லைட்.” முதலில் எண்ணெய், பிறகு விளக்கு.

அவர் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். எஞ்சினை நிறுத்திச் சமதரையில் சிறிது நேரம் விட்டபின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். எண்ணெய் இரு கோடுகளுக்கும் இடையில் இருந்தது. பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; டீசல் வாடை வீசினால் எண்ணெய் நீர்த்திருக்கிறது. இரண்டும் இல்லை. வண்டிக்கு அடியில் ஒழுக்கும் இல்லை.

அடுத்து விளக்கு எப்போது எரிந்தது என்று கேட்டார். சூடேறியபின் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் எரிந்து, வேகம் கூட்டினால் அணைந்தால், தேய்ந்த பேரிங்கையோ இளகிய எண்ணெயையோ ஐயுற வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகுவதால் அழுத்தம் குறைவது இயல்பு. “எந்த வேகத்திலும் எரிந்தது, எஞ்சினில் தட்டும் ஓசை இல்லை” என்றார் மாமா.

பிறகு சாவியைத் திருப்பி வைத்து, உணரியின் ஒற்றைக் கம்பியைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. ஆகவே கம்பி வழியில் எங்கும் உரசித் தரையிணைப்பு ஆகவில்லை. அன்று துமகூரில் இந்த இடத்தோடு விசாரணை முடிந்துவிட்டது. ஆனால் கம்பியைக் கழற்றினால், அழுத்தம் இல்லாதபோதும் விளக்கு அணையத்தான் செய்யும்! இச் சோதனை கம்பியைப் பற்றிச் சொல்லும். எண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விசாரணை முற்றுப்பெறாத தீர்ப்பு மதுரையை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம்.

ஆகவே கடைசிச் சாட்சியை அழைத்தார். உணரியைக் கழற்றி, அதே துளையில் முள் அழுத்தமானியை முறுக்கினார். 1849இல் பிரான்சு நாட்டு யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற கருவி அது. வளைந்த குழாய் ஒன்று அழுத்தத்தால் சிறிது நிமிர்ந்து முள்ளை நகர்த்தும். கம்பியும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டினார். மெதுவான ஓட்டத்தில் ஒன்றரை பார். வேகம் கூட்டியதும் 4 பார். எண்ணெய் குற்றமற்றது! கழற்றிய உணரியின் மின்முனையில் எண்ணெய் கசிந்திருந்தது. உள்ளே இருந்த மென்தகடு கிழிந்து, தொடுமுனை விலகாமல் போயிற்று. அதே மரையளவுள்ள புதிய உணரியைப் பொருத்தினார். உணரியின் உடலே தரையிணைப்பு ஆகையால் மரையில் நாடாவைச் சுற்றக் கூடாது என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார்.

புதிய வண்டிகள் பலவற்றில் மூன்று கம்பி உணரி இருக்கிறது. அழுத்தத்தால் சிலிக்கானின் மின்தடை மாறும் பண்பை 1954இல் சார்லஸ் ஸ்மித் கண்டறிந்தார். இத்தகைய உணரிகள் பல அதன் வழி வந்தவை. 5 வோல்ட் கொடுத்தால் பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் இடையில் விடை வரும். சுழியமோ முழு 5 வோல்ட்டோ வந்தால் உணரியோ கம்பியோ பழுது என்று வண்டியின் கணினி அறியும். தன் நோயைத் தானே சொல்ல அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

பழைய ஒற்றைக் கம்பி உணரிக்கு அந்த வாய் இல்லை. கம்பி அறுந்தால் விளக்கு எரியாது. எல்லாம் நலம் என்றே தோன்றும். வீணே எரியும் விளக்கு நம்மை நிறுத்துகிறது. எரியவேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு நம்மை அழிக்கிறது. ஆதலால் ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பும்போது அது எரிகிறதா என்று பார்ப்பதே முதற் சோதனை.

நண்பர்களே, நாம் ஆய்வுக்கூடத்தில் வேண்டாத அளவு வந்தால் ‘கருவிப் பிழை’ என்று எழுதிவிட்டு நகர விரும்புகிறோம். அதுவே மலிவான விடை என்பதால் நம் மனம் அதை நாடுகிறது. கருவி பிழைபட்டிருக்கலாம். ஆனால் இன்னொரு கருவியால் அதை மெய்ப்பிக்கும் வரை, அது உண்மையே சொல்கிறது என்று கொள்வதுதான் அறிவு.

அன்றிரவு மாமா வண்டியைக் கிளப்புமுன் சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியது, விளக்கு அணைந்தது. “இப்ப நம்பலாம்” என்றார்.