புதுப் புத்தகம் வந்தது, சண்டையும் வந்தது!

மாலை மணி ஏழு. அமெரிக்காவில் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைமேல் சதுரங்கப் பலகை இல்லை; சீட்டுக் கட்டும் இல்லை. பென்சில், காகிதம், இருபது முகங்கள் கொண்ட ஒரு பகடை, தடித்த சில புத்தகங்கள், இவ்வளவுதான். "கோடரியால் கதவைப் பிளக்கிறேன்!" என்கிறார் ஒருவர். பகலில் அவர் கணக்கு எழுதும் குமாஸ்தா. இப்போதோ அவர் ஒரு மாவீரர்! பகடை உருளுகிறது. கதவு பிளந்ததா இல்லையா என்பதைப் பகடையும் புத்தகமும் சேர்ந்து சொல்லும்.

இந்த விசித்திர விளையாட்டுக்கு 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று பெயர். நிலவறைகளும் பறக்கும் நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். ஒருவர் நடுவர், கதை நடக்கும் உலகத்தைப் படைப்பவர் அவரே. மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் ஏற்று அந்த உலகில் உலாவுவார்கள். பணயம் கிடையாது. ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதும் கிடையாது. ஒரே கதை வாராவாரம் தொடர்ந்து பல வருஷங்கள் ஓடுவதும் உண்டு.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் சேர்ந்து ஆக்கிய ஆட்டம் இது. விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து 1974-ல் வெளிவந்தது. ஓர் அட்டைப் பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள்தான்.

ஆட்டம் பரவியது. விதிகளில் ஓட்டைகள் தென்பட்டன. திருத்தினார்கள், விரித்தார்கள். 1977 முதல் 1979 வரை கனத்த மூன்று புத்தகங்கள் வந்தன. 1989-ல் இரண்டாம் பதிப்பு, 2000-ல் மூன்றாவது, 2003-ல் 'மூன்றரை', 2008-ல் நான்காவது, 2014-ல் ஐந்தாவது என்று வரிசையாக வந்தன. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் ஒரு ரகளை!

கவசத்தில் வந்த கலகம்

இரண்டாம் பதிப்பில் பேய் பிசாசுகளின் பழைய பெயர்களையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெற்றோர் சிலர் போட்ட கூச்சல்தான் காரணம். பிற்பாடு அந்தப் பேய்களே வாயில் நுழையாத வேறு பெயர்களோடு திரும்பி வந்தன. பேய்க்குப் பெயர் மாற்றினால் பேய் போய்விடுமா என்ன?

மூன்றாம் பதிப்பில் கவசக் கணக்கு தலைகீழாயிற்று. அதுவரை கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். புதுப் பதிப்பில் எண் கூடக் கூடப் பாதுகாப்பு கூடும். புதியவருக்கு இதுதான் சுலபம். ஆனால் இருபத்தைந்து வருஷம் கழித்தல் கணக்குப் போட்டே பழகியவருக்கு, தம் கெட்டிக்காரத்தனத்தையே யாரோ பிடுங்கிக்கொண்டது போல் இருந்தது.

பெரிய பூகம்பம் நான்காம் பதிப்பில்தான். பழைய முறையில், புதிதாகத் தொழில் தொடங்கும் மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம். அதைச் சொல்லி முடித்ததும் மறந்துவிடுவான். அப்புறம் கையில் கத்தியோடு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். வீரனோ நாள் முழுதும் வாள் வீசுவான். ஆனால் கதை வளர வளர, மந்திரவாதி மலையையே புரட்டுவான். வீரன் வேடிக்கை பார்ப்பான். இந்த ஏற்றத்தாழ்வைப் போக்க எண்ணி, எப்போதும் செய்யத்தக்கவை, ஒரு சண்டைக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு ஒரு முறை என்று எல்லோருக்கும் ஒரே அச்சில் வித்தைகளை வகுத்தார்கள். "இப்போதுதான் நியாயம் பிறந்தது" என்றது ஒரு கோஷ்டி. "எல்லோரும் ஒன்றானால் மந்திரவாதி எதற்கு?" என்றது மற்றொன்று.

அதோடு விட்டார்களா? பலரும் வருஷக் கணக்கில் கதை நடத்திவந்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகத்தை ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னே தள்ளிவிட்டார்கள். பழகிய ஊர்கள் சில அழிந்தன. பழகிய மனிதர்கள் பலர் இறந்தே போனார்கள். காகிதத்து மனிதர்கள்தான். ஆனாலும் துக்கம் நிஜம்.

காலியான நாற்காலி

பழைய புத்தகத்தை யாரும் வந்து பறிமுதல் செய்யவில்லையே, அதை வைத்தே ஆடினால் என்ன என்று கேட்கத் தோன்றும். தனியே படிக்கும் நாவலானால் சரி. இந்த ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் இருவர் புதுப் பதிப்புக்குப் போய்விட்டால், பழைய புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கும், ஆட்டந்தான் இருக்காது. கடைக்குப் போகும் புதியவர் கையில் கிடைப்பதும் புதுப் பதிப்பே. 'என் பதிப்பே உயர்ந்தது' என்று தொண்டை கிழியக் கத்துகிறவர் உள்ளுக்குள் பயப்படுவது, 'என்னோடு உட்கார ஆள் இருக்குமா?' என்பதற்குத்தான். காசு விஷயமும் இருக்கிறது. மறுபடி மூன்று தடித்த புத்தகங்கள் வாங்குவது எல்லோருக்கும் சுலபமா?

ஒரு வழி பிறந்தது. மூன்றாம் பதிப்பு வந்தபோது, அதன் அடிப்படை விதிகளை யாரும் எடுத்தாளலாம் என்று கம்பெனியே ஒரு திறந்த உரிமம் தந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, 2007 வரை இந்த ஆட்டத்தின் பத்திரிகைகளை நடத்திவந்த பைசோ என்ற நிறுவனம், மூன்றரைப் பதிப்பைச் செப்பனிட்டு 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. பழையதை விட மனமில்லாதவர்கள் திரண்டு போனார்கள். முதற்பதிப்பு அபிமானிகளோ அதற்கு முன்பே, 2006-ல், தங்கள் விதிகளைப் புதிதாக எழுதி 'ஆஸ்ரிக்' என்று நடமாடவிட்டிருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. மூன்றாம் பதிப்பை வகுத்தவர்களில் முக்கியமானவர் ஜோனதன் ட்வீட். நான்காம் பதிப்புக்குத் தலைமை தாங்கியவர் ராப் ஹைன்சூ. அபிமானிகள் இரண்டு கட்சியாய் மோதிக்கொண்டிருந்த காலத்தில், இந்த இருவரும் ஒன்றாக உட்கார்ந்து '13-வது யுகம்' என்ற வேறோர் ஆட்டத்தை எழுதி 2013-ல் வெளியிட்டார்கள்!

கம்பெனியும் பாடம் கற்றது. 2012-ல் முதற்பதிப்பை மறுபடி அச்சிட்டது. அடுத்த பதிப்பின் நகலை ஆட்டக்காரர்களிடமே கொடுத்துச் சோதிக்கச் சொன்னது. அப்படி வந்த ஐந்தாம் பதிப்பில் பழைய வாசனை திரும்பியது. இப்போது அழுதவர்கள் நான்காம் பதிப்புக்காரர்கள்!

2023 ஜனவரியில் அந்தத் திறந்த உரிமத்தை மாற்றக் கம்பெனி முயன்றது கசிந்து வெளியானபோது, ஒருவரையொருவர் ஏசிக்கொண்டிருந்த எல்லாப் பதிப்புக்காரர்களும் ஒரே அணியில் நின்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கம்பெனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எவரும் கேளாமல் எடுத்தாளும்படி பொதுவில் விட்டுவிட்டது.

2024-ல் திருத்திய புத்தகங்கள் வரத் தொடங்கின. இது ஆறாம் பதிப்பா, ஐந்தின் திருத்தமா? அந்த வாதம் வேறு. குமாஸ்தாவைப் போன்றவரின் மேஜையில் கேள்வி அதைவிடச் சிறியது: கதை பாதியில் இருக்கையில் மாவீரரைப் புதுக் கணக்குக்கு மாற்றி எழுதுவதா? இந்தக் கதை முடியும்வரை பழையதே போதும் என்று சில மேஜைகளில் தீர்மானிக்கிறார்கள். ஒரே ஒரு மாலை புதியதை ஆடிப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்கிறார்கள் வேறு சில மேஜைகளில். புதுப் புத்தகத்திலிருந்து ஒரு மந்திரத்தையும் பழையதிலிருந்து ஒரு பூதத்தையும் எடுத்துக்கொண்டு, ஓரத்தில் பென்சிலால் தம் சொந்த விதியைக் குறித்து வைத்துக்கொள்ளும் நடுவர்களும் இருக்கிறார்கள்.