திரையை நோக்கிக் குனிய வேண்டாம்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கணினி முன் உட்கார்ந்திருப்பதைக் கவனித்தால் தெரியும். முதுகு வளைந்திருக்கும், கழுத்து முன்னே நீண்டிருக்கும், முகவாய் சற்று அண்ணாந்திருக்கும். வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை இறுகுவதால் வருவது வெள்ளெழுத்து. அதற்குப் போடும் இரட்டைப் பார்வைக் கண்ணாடியில் படிக்கும் பகுதி கீழே இருக்கிறது. திரையோ நேர் எதிரே நிற்கிறது. அந்தக் கீழ்ப் பகுதி வழியாகப் பார்ப்பதற்காகத்தான் தலை அண்ணாந்து, கழுத்து வலியில் போய் முடிகிறது. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டால் இந்தச் சிரமம் பெருமளவு குறையும். அதற்கான வசதிகள் எல்லாக் கணினியிலும் இலவசமாகவே இருக்கின்றன.

தமிழ் படிப்பவர்களுக்கு இது கூடுதலாகவே தேவை. ‘பணி’க்கும் ‘பனி’க்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு சுழி. ‘கொடு’, ‘கோடு’ இரண்டையும் பிரித்துக் காட்டுவதும் கொம்பின் மேல் இருக்கும் சிறு வளைவுதான். எழுத்து சிறுத்தால் இந்த வளைவுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளி மங்கிவிடுகிறது. ஆங்கிலத்தைச் சிரமமின்றிப் படிக்கும் அளவில் தமிழைப் படிக்கக் கண் திணறுவது இதனால்தான். ஆன்லைன் விண்ணப்பத்தில் பெயரைச் சரிபார்க்கும்போது இந்தச் சுழியைத் தவறவிட்டால், பிறகு அதைத் திருத்த அலைய வேண்டிவரும்.

முதலில் கைவரவேண்டியது பிரௌசரில் பெரிதாக்குவது. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி கூட்டல் குறியைத் தட்டினால் பக்கம் பெரிதாகும், கழித்தல் குறியைத் தட்டினால் சிறிதாகும். கன்ட்ரோலோடு சுழியம் பழைய 100 சதவீதத்துக்கே கொண்டுவந்துவிடும். ஆப்பிள் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. குரோமில் 500 சதவீதம் வரை போகலாம். ஒரு தளத்துக்கு வைத்த அளவை அது நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறையும் அதே அளவிலேயே காட்டும். ஃபயர்ஃபாக்ஸில் படங்களை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் பெரிதாக்கவும் வழி உண்டு. கன்ட்ரோல் அழுந்தியிருக்கும்போது மவுஸின் சக்கரம் தெரியாமல் உருண்டாலும் பக்கம் வீங்கிவிடும். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. கன்ட்ரோலும் சுழியமும் போதும்.

பெரிதாக்கியதும் மேலே வரிசையாக இருந்த மெனுவைக் காணோம் என்று பலர் திகைக்கிறார்கள். பக்கம் பெரிதாகும்போது, திரை குறுகிவிட்டதாகவே இணையதளம் எடுத்துக்கொள்கிறது. 1280 ஒளிப்புள்ளி அகலமுள்ள திரையை 400 சதவீதம் பெரிதாக்கினால், தளத்துக்குக் கிடைப்பது 320 புள்ளி. அது கைபேசியின் அகலம். உடனே தளம் கைபேசித் தோற்றத்துக்கு மாறி, மெனுவை மூன்று கோடுகள் கொண்ட பொத்தானுக்குள் மடித்து வைத்துவிடுகிறது. அந்தக் கோடுகளைச் சொடுக்கினால் எல்லாம் வெளியே வரும். நன்றாக அமைத்த தளம் இந்த அளவிலும், பக்கவாட்டில் இழுக்க விடாமல் வரிகளை மடக்கிக் காட்ட வேண்டும் என்பது 2018இல் வெளியான உலகளாவிய இணைய அணுகல் நெறிமுறையில் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் தளங்கள் இன்னும் நிறைய உள்ளன. அங்கே தவறு தளத்தை அமைத்தவர்களுடையது, படிப்பவருடையது அல்ல.

பிரௌசருக்கு வெளியே, கணினி முழுவதும் எழுத்து சிறியதாக இருந்தால்? இங்கேதான் பலர் ‘ரெசல்யூஷனை’க் குறைத்துவிடுகிறார்கள். எழுத்து பெரிதாவது உண்மை. கூடவே மங்கியும் போகிறது. திரையில் உள்ள ஒளிப்புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்ற முடியாது. 1920 புள்ளி அகலத் திரையில் 1366ஐத் தேர்ந்தெடுத்தால், ஒரு புள்ளியின் படம் ஏறக்குறைய 1.4 புள்ளிகளில் பரவ வேண்டியிருக்கிறது. ஓரங்கள் கரைந்து, தமிழ்ச் சுழிகள்தான் முதலில் அடிபடும்.

ரெசல்யூஷனைத் தொடாமல், விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் ‘ஸ்கேல்’ என்பதை 125 அல்லது 150 சதவீதமாக்க வேண்டும். எழுத்து, ஐகான், மெனு எல்லாம் கூர்மை குறையாமல் வளரும். எழுத்து மட்டும் வளர்ந்தால் போதும் என்பவர்களுக்கு ‘ஆக்சஸிபிலிட்டி’ பகுதியில் ‘டெக்ஸ்ட் சைஸ்’ இருக்கிறது. 225 சதவீதம் வரை போகும்.

பார்வை மிகவும் குறைந்தவர்களுக்கு உருப்பெருக்கிதான் துணை. விண்டோஸ் சின்னமுள்ள விசையோடு கூட்டல் குறியை அழுத்தினால் ‘மேக்னிஃபையர்’ திறக்கும். முழுத் திரையையும் பெரிதாக்கலாம், அல்லது மவுஸோடு நகரும் லென்ஸாக வைத்துக்கொள்ளலாம். மூட, விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும். ஸ்கேன் செய்த பழைய நூல்கள், பத்திரிகைப் பக்கங்கள் ஆகியவற்றில் எழுத்துகள் வெறும் படம் என்பதால் வரிகள் மடங்காது. அங்கே இந்த லென்ஸ் நல்ல வசதி. ஆப்பிளில் ஆப்ஷன், கமாண்ட், 8 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துவது இதே வேலைக்குத்தான். செட்டிங்ஸில் ‘ஜூம்’ குறுக்குவழியை முன்பே இயக்கியிருக்க வேண்டும்.

வேர்டில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுத்தின் அளவை 12இலிருந்து 20 ஆக்கினால் அச்சிலும் 20 ஆகவே வரும். ஒரு பக்கக் கடிதம் இரண்டு பக்கமாகிவிடும். கீழே வலது மூலையில் உள்ள ஜூம் பட்டையை நகர்த்தினால் திரையில் மட்டுமே பெரிதாகும், தாளில் எழுத்து அதே 12தான்.