உருண்டைப் பந்தும் முட்டைப் பந்தும்

கால்பந்தின் எடை 410 கிராம் முதல் 450 கிராம் வரை இருக்க வேண்டும் என்பது விதி. ரக்பிப் பந்தின் எடை 410 முதல் 460 கிராம் வரை இருக்கலாம். ஆடுகளத்தின் நீளமும் இரண்டிலும் நூறு மீட்டரை ஒட்டியதே. பசும்புல் தரை, இரு முனைகளிலும் கம்பங்கள், ஒரு நடுவர், சுற்றிலும் ஆரவாரிக்கும் கூட்டம், எல்லாம் பொது. ஆயினும் ஒன்றை உலகின் மூலைமுடுக்கெல்லாம் ஆடுகிறார்கள். மற்றொன்றின் பெயரைச் சொன்னால் நம் வகுப்பிலேயே பாதிப் பேர், "அமெரிக்காக்காரன் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு ஆடுவானே, அதுதானே?" என்று கேட்கிறார்கள். அதுவன்று, அது ரக்பியிலிருந்து கிளைத்த வேறோர் ஆட்டம். எடையில் ஒத்த இரு பந்துகளுக்கு இப்படி இருவேறு தலையெழுத்து வாய்த்தது ஏன், ஆடுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் இவை எதைத் தருகின்றன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயின்ற பள்ளிகளில், பள்ளிக்கொரு விதமாக 'புட்பால்' ஆடினார்கள். ஒன்றில் பந்தைக் கையால் தொடலாம், இன்னொன்றில் கூடாது. ரக்பி என்பது ஓர் ஊர். அவ்வூர்ப் பள்ளிக்கும் அதுவே பெயர். அங்கே 1823-இல் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் ஆட்டத்தின் நடுவே பந்தை அள்ளிக்கொண்டு ஓடினான், அந்த ஓட்டத்தில் பிறந்ததே ரக்பி என்று ஒரு கதை உண்டு. ரக்பி உலகக் கோப்பைக்கே அவன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை வெளிவந்தது 1876-இல். எல்லிஸ் இறந்ததோ 1872-இல். பழைய மாணவர்கள் பின்னர் விசாரித்தபோது நேரில் கண்ட சாட்சி ஒருவர்கூட அகப்படவில்லை. நம் ஊர்க் கோயில்களுக்குத் தலபுராணம் இருப்பது போல ரக்பிக்கும் ஒன்று என்று கொள்ளலாம்.

உண்மையான பாகப்பிரிவினை நடந்தது 1863-இல். லண்டனில் பல சங்கத்தார் கூடிப் பொது விதிகள் வகுக்க முற்பட்டனர். கையில் பந்தை ஏந்தி ஓடலாமா என்பதோடு, எதிராளியின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்பதும் அங்கே பெரிய வழக்காயிற்று. உதைப்பதை விலக்கினால் ஆட்டத்தில் ஆண்மையே இராது என்று வாதாடி பிளாக்ஹீத் சங்கத்தார் வெளியேறினர். வேடிக்கை என்னவென்றால், 1871-இல் ரக்பிச் சங்கம் தனியே அமைந்து விதி எழுதியபோது அவர்களும் அந்த உதையை விலக்கிவிட்டனர். மிஞ்சிய வேறுபாடு கை ஒன்றுதான்.

அந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கின்றன. கையில் பந்தை எடுக்கலாம் என்றால் ஆட்டம் மிக எளிதாகிவிடுமே? அதைத் தடுக்க ரக்பியில் ஒரு விதி: பந்தை முன்னோக்கி உதைக்கலாம், ஏந்தி ஓடலாம்; ஆனால் முன்னோக்கி எறியவோ தட்டவோ கூடாது. தோழனுக்குக் கொடுப்பதென்றால் பக்கவாட்டிலோ பின்னாலோதான். முன்னேற வேண்டியவன் பின்னால் எறிய வேண்டும் என்னும் இம்முரண்தான் ரக்பியின் அழகு முழுவதும். பந்தை வைத்திருப்பவன் எப்போதும் தன் அணிக்கு முன்னே நிற்கிறான். மற்றவர் அவன் பின்னே சாய்வரிசையில் ஓடி வருகின்றனர். ஆகவே இரு படைகள் எதிரெதிரே நிற்பது போல ஆடுகளத்தில் ஒரு கோடு தென்படும். யார் எத்தனை அடி நிலம் பிடித்தார், யார் இழந்தார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

இயற்பியல் பயில்வோர்க்கு இங்கே ஒரு விருந்து உண்டு. நம் கல்லூரிப் பேருந்து வேகமாகச் சென்றுகொண்டிருக்கிறது. முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைத் தோழனுக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தை எறிகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது பின்னால் போகிறது. சாலையோரத்தில் நிற்பவருக்கோ அது பேருந்தோடு முன்னால்தான் போகிறது. ரக்பி வீரன் ஒருவன் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடியபடி, தன்னிலிருந்து விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பந்தைப் பின்னே எறிந்தாலும், தரையைப் பொறுத்தவரை பந்து விநாடிக்கு 5 மீட்டர் முன்னேதான் செல்லும். பந்தை எறிந்த இடத்தைவிடப் பிடித்த இடம் எதிரிக்கு அருகே இருக்கும். பார்க்கிறவன் "முன்னே எறிந்துவிட்டான்!" என்று கூவுவான். நடுவர் அதைக் கணக்கில் கொள்வதில்லை. எறிந்தவனின் கைகள் எந்தப் பக்கம் வீசின என்பதையே பார்க்கிறார். கலிலியோவின் சார்பியக்கக் கருத்தை விதிப்புத்தகத்திலேயே ஏற்றுக்கொண்ட விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பந்தின் வடிவத்துக்கு வருவோம். பண்டைக் காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதி, மேலே தோல் போர்த்திப் பந்து செய்தார்கள். அதன் இயல்பான வடிவமே சற்று நீள்வட்டம்தான். பின்னர் ரப்பர்ப் பை வந்தது. கால்பந்து முழு உருண்டையானது. ரக்பிப் பந்து ஏந்தி ஓட வசதியாக மேலும் நீண்டது. முட்டை வடிவப் பந்தைச் சுழற்றி எறிந்தால் தன் அச்சிலேயே நிலைபெற்று அம்பு போலப் போகும். தரையில் விழுந்தாலோ எந்தப் பக்கம் துள்ளும் என்று பிரம்மனும் சொல்ல மாட்டான். உருண்டைப் பந்து தரையில் நேர்மையானது. காற்றில்தான் கள்ளத்தனம் செய்யும். 1997-இல் பிரான்சுக்கு எதிராக பிரேசிலின் ராபர்டோ கார்லோஸ் ஏறத்தாழ 35 மீட்டர் தொலைவிலிருந்து அடித்த பந்து, வெளியே போவது போலப் போய் வளைந்து உள்ளே புகுந்ததே, அது சுழற்சியால் காற்றழுத்தம் இருபுறமும் மாறுபடுவதன் விளைவு. மேக்னஸ் விளைவு என்று பாடத்தில் படிக்கிறோம்.

இனி ஆடுகிறவனின் பக்கம். எங்கள் ஊர் ஏரிக்கரையில் நாங்கள் ஆடியது கால்பந்துதான். உடல் பருத்த பையனைக் கோல் காக்க நிறுத்திவிடுவோம். வேறிடம் அவனுக்குக் கிடையாது. ரக்பியில் அவனுக்கு முதல் மரியாதை. அணியில் 15 பேர். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒவ்வோர் உடல்வாகு. எட்டுப் பேர் தோளோடு தோள் பிணைந்து எதிரணியின் எட்டுப் பேரை முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்'மில் 1, 3 எண்காரர்கள் மலை போலிருக்க வேண்டும். பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை மீண்டும் எறியும்போது தாவிப் பிடிக்க 4, 5 எண்காரர்கள் பனைமரம் போலிருக்க வேண்டும். பந்தைப் பொறுக்கிக் கொடுக்கும் 9 எண்காரன் குள்ளமாயிருந்தால் குறையில்லை. ஓரத்தில் ஓடும் 11, 14 எண்காரர்களுக்குக் கால் வேகமே மூலதனம். 2019, 2023 ஆகிய இரு முறையும் உலகக் கோப்பை வென்ற தென்னாப்பிரிக்க அணியில் 203 செ.மீ. உயரமுள்ள எபன் எட்செபெத்தும் 172 செ.மீ. உயரமுள்ள பாஃப் டி கிளர்க்கும் சேர்ந்து ஆடினார்கள். கால்பந்திலும் மாரடோனா, மெஸ்ஸி போன்ற குட்டையர்கள் அரசாண்டிருக்கிறார்கள் என்பது உண்மையே. ஆனால் பருத்தவனுக்கு அங்கே வழியில்லை.

சடுகுடு ஆடியவர்களுக்கு ரக்பியின் பிடி எளிதில் விளங்கும். ஓடிவருபவனை இடுப்பிலோ தொடையிலோ கட்டிப்பிடித்து வீழ்த்த வேண்டும். கழுத்தைத் தொட்டால் குற்றம். ஆனால் சடுகுடுவில் இத்தனை வேகத்தில் மோதல் இல்லை. இங்கிலாந்து 2003-இல் ரக்பி உலகக் கோப்பை வென்றபோது அணியிலிருந்த ஸ்டீவ் தாம்சன், நாற்பது வயதை ஒட்டி மறதிநோய்க்கு ஆளாகி, கோப்பை வென்ற அந்த நாளே தமக்கு நினைவில்லை என்று 2020-இல் வெளியிட்டார். இதைப் படித்த பின் 'வீர விளையாட்டு' என்ற சொல்லை எளிதாக எழுத எனக்குக் கை வரவில்லை. கால்பந்தும் இவ்விஷயத்தில் முற்றும் தூய்மையானதன்று. முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், மூளை நலிவு நோய்களால் அவர்கள் இறப்பது பிறரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் என 2019-இல் கண்டனர். பந்தைத் தலையால் முட்டுவதன்மேல் ஐயம் விழுந்திருக்கிறது.

உடலைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. அது காசு. கால்பந்து சீக்கிரமே ஆலைத் தொழிலாளரின் கைக்கு வந்துவிட்டது. 1883-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவரான சீமான்களை பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்னும் அணி 2-1 என்று வென்றது. அந்த அணியில் நெசவாளிகள் இருந்தார்கள். இரண்டே ஆண்டில், 1885-இல், கூலி வாங்கிக்கொண்டு ஆடுவதைக் கால்பந்துச் சங்கம் அனுமதித்தது. ரக்பிச் சங்கமோ இணங்கவில்லை. வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் கேட்டது சம்பளம்கூட அன்று. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வருவதால் இழக்கும் கூலிக்கு ஈடு. 1893-இல் அதை வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். 1895 ஆகஸ்டில் வட இங்கிலாந்துச் சங்கங்கள் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் ஒரு விடுதியில் கூடிப் பிரிந்து போயின. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈடு தரலாம் என்று முடிவு செய்தன. 13 பேர் ஆடும் 'ரக்பி லீக்' அதிலிருந்து வளர்ந்தது. அங்கே போய்க் காசு வாங்கியவன் பழைய சங்கத்தின் படியேற முடியாது. 1995 வரை, முழுதாக நூறாண்டு, இந்தத் தீண்டாமை நீடித்தது. என் தந்தை விசைத்தறி ஓட்டுபவர். ஒரு நாள் தறி நின்றால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை அறிவேன். ஆறு ஷில்லிங் வழக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை.

நம் நாட்டிலும் இரு பந்துகளும் ஒரே நகரில் இருவேறு வழி சென்றன. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ரக்பி ஆடினர். மறு மாதமே சங்கமும் கண்டனர். சில ஆண்டுகளில் படைப்பிரிவு இடம் மாறிச் சென்றது; வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை; போலோவும் டென்னிசும் ஆட்களை இழுத்தன. சங்கத்தைக் கலைக்கும்போது கையிருப்பிலிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் வைத்து ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவது அந்தக் 'கல்கத்தாக் கோப்பை'க்காகவே. அதே கல்கத்தாவில் 1911-இல் மோகன் பகான் அணியினர், ஒருவர் தவிர மற்றவர் அனைவரும் வெறுங்காலுடன், கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். ரக்பி வெள்ளியாகிக் கப்பலேறியது; கால்பந்து தெருவில் இறங்கி நம்முடையதாயிற்று.

பார்ப்பதற்கு எது சிறந்தது? என் வாக்கு கால்பந்துக்கே. காரணம் அதன் வறுமை. 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 172. ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. ரக்பியில் எதிரிக் கோட்டுக்கு அப்பால் பந்தை ஊன்றும் 'ட்ரை'க்கு 5 புள்ளி, அதன் பின் கம்பங்களுக்கிடையே உதைத்தால் 2, தண்டனை உதைக்கு 3 என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். ஒருபக்கம் கனத்த நாணயத்தை மூன்று முறை சுண்டினால் எதுவும் நேரலாம். முந்நூறு முறை சுண்டினால் கனத்த பக்கம் வென்றே தீரும். எனவே ரக்பியில் வலியவன் பெரும்பாலும் வெல்கிறான். 1995-இல் நியூசிலாந்து ஜப்பானை 145-17 என்று நசுக்கியது. ஆனால் 2015-இல் அதே ஜப்பான், இருமுறை உலகக் கோப்பை வென்றிருந்த தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்தியது. கால்பந்தில் எளியவனின் வாய்ப்பு எப்போதும் உயிரோடிருக்கும். 2022-இல் கோப்பையையே வென்ற அர்ஜென்டினா, முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது அல்லவா!

நடுவரை மதிப்பதில் மட்டும் கால்பந்தார் ரக்பியாரிடம் பாடம் கேட்கலாம். இரு மடங்கு பருமனுள்ள வீரன் சிறிய உருவ நடுவரை 'சார்' என்று அழைத்து, சொன்னதைக் கேட்டுத் திரும்புவது பார்க்க இனிய காட்சி.

புதிதாக ரக்பி பார்க்க விரும்பும் நண்பர்கள், ஒலிம்பிக்கில் 2016 முதல் இடம்பெறும் எழுவர் ரக்பியிலிருந்து தொடங்கலாம். ஒரு பாதி ஏழே நிமிடம். சிக்கல் குறைவு, ஓட்டம் அதிகம். சின்னஞ்சிறு தீவுநாடான பிஜி தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் தங்கமாகவே, 2016-இல் இதில்தான் வென்றது. பதினைவர் ஆட்டத்துக்கு வந்ததும் குவியலுக்குள் பந்தைத் தேடாதீர்கள், அது தெரியாது. பந்தில்லாத பக்கம் எதிரணியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அங்கே ஓர் ஆள் குறைந்தால் அடுத்த சில நொடிகளில் பந்து அந்தப் பக்கமே வரும்.