குவாண்டம் டாட் மானிட்டர்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர் என்பதால், புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் மானிட்டர் பற்றியும் என்னிடமே கேட்கிறார்கள். "க்யூ.எல்.இ.டி. என்று போட்டிருக்கிறதே, கூடுதல் பணம் கொடுத்து வாங்கலாமா?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பதில் எளிது.

க்யூ என்பது குவாண்டம் டாட்டைக் குறிக்கும். இது செமிகண்டக்டரால் ஆன, சில நானோமீட்டர் அளவே உள்ள துகள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்.

செமிகண்டக்டர் மீது ஒளி பட்டால், அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் தன் இடத்தைக் காலி செய்துவிட்டு மேலே எழும்பும். அந்தக் காலியிடத்திற்கு ஹோல் என்று பெயர். எலக்ட்ரான் நெகட்டிவ், ஹோல் பாசிட்டிவ். எனவே இரண்டும் ஈர்க்கப்பட்டு ஜோடியாகத் திரியும். இந்த ஜோடிதான் எக்ஸைட்டான். எலக்ட்ரான் மீண்டும் காலியிடத்தில் விழும்போது ஜோடி மறைந்து, ஒளி வெளியாகும்.

துகள் பெரிதாக இருந்தால் ஜோடி தாராளமாக உலவும். எக்ஸைட்டானின் இயல்பான அளவைவிடத் துகளைச் சிறிதாக்கினால், ஜோடி நெருக்கப்பட்டு அதன் எனர்ஜி கூடும்; ஒளி நீலத்தை நோக்கி நகரும். காட்மியம் செலினைடில் சுமார் 2 நானோமீட்டர் துகள் நீலமாகவும், 6 நானோமீட்டர் துகள் சிவப்பாகவும் ஒளிரும். பொருள் ஒன்றே; அளவு மாற, நிறம் மாறுகிறது. இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய அலெக்ஸி எகிமோவ், லூயி ப்ரூஸ், மவுங்கி பவெண்டி ஆகியோருக்கு 2023ல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

க்யூ.எல்.இ.டி. என்று கடைகளில் விற்கும் மானிட்டர் உண்மையில் எல்.சி.டி.தான். பின்னால் நீல எல்.இ.டி. விளக்குகள், அவற்றின் முன்னால் குவாண்டம் டாட் கலந்த பிலிம். நீல ஒளியில் ஒரு பகுதியை டாட்கள் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றுகின்றன. இதனால் நிறங்கள் தூய்மையாகத் தெரியும். ஆனால் பின் விளக்கு எரிவதால், ஓ.எல்.இ.டி. போல முழுக் கறுப்பு கிடைக்காது. காட்மியம் நச்சுப் பொருள் என்பதால், அதற்குப் பதில் இண்டியம் பாஸ்பைடு துகள்களும் பயன்படுகின்றன.

சரி, வாங்கலாமா? டைப் செய்ய, இன்டர்நெட் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்றால் சாதாரண ஐ.பி.எஸ். மானிட்டரே போதும். மிச்சப் பணத்தில் ராம் கூட்டிக்கொள்ளுங்கள். போட்டோ, வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் வாங்கலாம். அப்போதும் பெயரை மட்டும் நம்பாமல், டி.சி.ஐ.-பி3 எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 90க்கு மேல் இருந்தால் நல்லது. அந்த எண்ணைச் சொல்லாத மானிட்டருக்குக் கூடுதல் பணம் தேவையில்லை என்பதே என் யோசனை.