தடித்த எழுத்து எவ்வாறு உருவாகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு தேர்வுத் தாள் தயாரித்தேன். அதில் ஒரு சிறு வினா: ‘ஏ × ஏ = ?’ ஏ என்னும் ஆங்கில எழுத்தைத் தடித்த எழுத்தாக அமைத்திருந்தேன். தடித்த எழுத்து என்றால் அது வெக்டர். ஒரு வெக்டரை அதனுடனேயே வெக்டர் முறையில் பெருக்கினால் விடை சுழி. ஆனால், தாளை அச்சிடக் கொடுத்த இடத்திலிருந்த கணிப்பொறியில் நான் பயன்படுத்திய எழுத்துரு இல்லை. வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து அமர்ந்தது, தடிப்பு மறைந்தது. மாணவர்களில் ஒரு பகுதியினர் ‘சுழி’ என்றும், மற்றவர்கள் ‘ஏ-யின் இருமடி’ என்றும் விடை எழுதினர். அச்சாகியிருந்தபடி பார்த்தால் இரண்டாவது விடையே சரி!

இரு சாராருக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டேன். ஆயினும் ஒரு கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. தடித்த எழுத்துரு கைவசம் இல்லாதபோது, இருக்கும் மெல்லிய எழுத்தைக் கொண்டே கணிப்பொறி தடிப்பை உண்டாக்க முடியாதா? முடியும். அது எவ்வாறு என்பதையும், அதன் எல்லை எது என்பதையும் காண்போம்.

அழுத்தமும் பொருளும்

உரைநடையில் தடித்த எழுத்து அழுத்தத்தைக் காட்டுகிறது. 1845-இல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி வெளியிட்ட கிளாரெண்டன் என்னும் அச்செழுத்து, சாதாரண எழுத்தின் நடுவே சில சொற்களை எடுத்துக்காட்டப் பெரிதும் பயன்பட்டது. தடிப்பு போய்விட்டாலும் அங்கே சொல்லின் பொருள் மாறுவதில்லை.

இயற்பியலில் நிலைமை வேறு. மாக்ஸ்வெல் தம் 1873-ஆம் ஆண்டு மின்காந்தவியல் நூலில் வெக்டர்களைப் பழைய ஜெர்மானிய எழுத்துகளால் குறித்தார். அவை படிப்பதற்குக் கடினமானவை. ஆலிவர் ஹெவிசைடு அவற்றைக் கைவிட்டு, கிளாரெண்டன் தடித்த எழுத்துகளைக் கையாண்டார். அந்த வழக்கமே இன்று நம் பாடநூல்கள் வரை வந்துள்ளது. இங்கே தடிப்பு அழகுக்காக அன்று, அதுவே பொருள்.

இருமுறை அடித்தல்

தட்டச்சுப் பொறியில் வேலை செய்தவர்களுக்கு ஓர் உத்தி தெரிந்திருக்கும். ஒரு சொல்லைத் தடிக்கச் செய்ய, பின்னோக்கி நகர்த்தி, அதே எழுத்தின் மேல் மீண்டும் அடிப்பார்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் இதையே செய்தது. ஊசிகள் முதலில் இட்ட புள்ளிகளுக்குச் சற்றுத் தள்ளி மறுபடியும் புள்ளிகளை இடும். எழுத்து தடித்துத் தோன்றும். இன்றைய கணிப்பொறிகளில் இன்னொரு முறையும் உண்டு. எழுத்தின் வெளிக்கோட்டைச் சுற்றிலும் ஒரே அளவுக்கு விரித்து, உள்ளே மையை நிரப்பிவிடலாம்.

இப்படிப் பெறும் எழுத்தும், கலைஞர் ஒருவர் தனியே வரைந்த தடித்த எழுத்தும் ஒன்றா? கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது.

எண்கள் கூறுவது

அதற்கு டொனால்ட் கனூத் வடிவமைத்த ‘கம்ப்யூட்டர் மாடர்ன்’ எழுத்துகள் மிகவும் ஏற்றவை. ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு முறையை உருவாக்கிய இவர், தம் எழுத்துகளை 62 அளவுகளைக் கொண்டு வரையறுத்தார். ஆகவே மெல்லிய எழுத்து தடித்ததாக மாறும்போது எது எவ்வளவு கூடுகிறது என்பதை எண்களாகவே காணலாம்.

அச்சுத் தொழிலில் எழுத்தின் அளவைப் பாயிண்ட் என்னும் அலகால் குறிப்பார்கள். ஒரு பாயிண்ட் ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர். கனூத் இதை 36 பாகங்களாகப் பிரித்துக்கொண்டார். ஒரு பாகம் என்பது ஏறத்தாழ நூறில் ஒரு மில்லிமீட்டர்.

அவருடைய 10 பாயிண்ட் சாதாரண எழுத்தில் நிமிர்ந்த தண்டின் தடிப்பு 25 பாகம். மெல்லிய கோட்டின் தடிப்பு 9 பாகம். தடித்த எழுத்தில் இவை முறையே 41, 17. தண்டு 16 பாகம் கூடியபோது மெல்லிய கோடு 8 பாகமே கூடியிருப்பதைக் கவனியுங்கள். எழுத்தின் அகலமும் கூடுகிறது. ஆங்கிலச் சிறிய எழுத்து ‘என்’ 200 பாகத்திலிருந்து 230 பாகமாக விரிகிறது.

இப்போது போலித் தடிப்பைப் பார்ப்போம். எழுத்தை 16 பாகம் பக்கவாட்டில் நகர்த்தி மீண்டும் அச்சிட்டால், தண்டு 41 ஆகும். ஆனால் மெல்லிய கிடைக்கோடு 9 ஆகவே நிற்கும். வெளிக்கோட்டைச் சுற்றிலும் 8 பாகம் விரித்தால், தண்டு 41 ஆகும். மெல்லிய கோடோ 25 ஆகிவிடும். தண்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள விகிதம் உண்மையான தடித்த எழுத்தில் 2.4, முதல் போலியில் 4.6; இரண்டாவதில் 1.6. முதலாவது நிமிர்ந்த கோடுகளை மட்டும் கருப்பாக்குகிறது. இரண்டாவது எல்லாவற்றையும் ஒரே கனமாக்குகிறது. இரண்டிலுமே எழுத்துக்கு ஒதுக்கிய இடம் விரிவதில்லை. எனவே கூடிய மை எழுத்தின் உள்வெளியைத்தான் விழுங்குகிறது.

நம் தமிழ் எழுத்துகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் உள்ள வேறுபாடு சுழிகளின் எண்ணிக்கையே. சிறிய அளவில் போலியாகத் தடிக்கச் செய்தால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு, இரண்டையும் பிரித்தறிவதே கடினமாகிவிடும்.

கனூத்தின் முக்கோணம்

உரைநடைக்குத் தனியே வரைந்த தடித்த எழுத்துருவைத் தேடிக்கொள்ளலாம். கணிதத்திலோ கிரேக்க எழுத்துகள், தொகைக் குறிகள், அம்புகள் எனக் குறியீடுகள் ஏராளம். எல்லாவற்றுக்கும் தடித்த வடிவம் எப்போதும் கிடைப்பதில்லை.

இதற்குக் கனூத் தம் 1984-ஆம் ஆண்டு ‘டெக்புக்’ நூலில் ஒரு வழி தந்தார். அதற்குப் ‘புவர் மேன்ஸ் போல்டு’, அதாவது ஏழைக்கு ஏற்ற தடித்த எழுத்து, என்று பெயர். ஒரே குறியை மூன்று முறை அச்சிட வேண்டும். முதற்படி சற்று இடப்புறம். இரண்டாவது படி அதிலிருந்து 18 பாகம் வலப்புறம். மூன்றாவது இரண்டுக்கும் நடுவே, 15.6 பாகம் மேலே. (இவை 10 பாயிண்ட் எழுத்துக்குரிய அளவுகள்.)

ஏன் 15.6? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 18-ஐ √3/2-ஆல் பெருக்கினால் 15.6 வரும். மூன்று படிகளும் ஒரு சமபக்க முக்கோணத்தின் முனைகளில் நிற்கின்றன! அந்த முக்கோணத்தை எந்தத் திசையிலிருந்து அளந்தாலும் அதன் அகலம் 15.6-க்குக் குறையாது, 18-க்கு மிகாது. ஆகவே கோடு எத்திசையில் சாய்ந்திருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு தடிப்புக் கிடைக்கிறது. 25 பாகத் தண்டு 43 ஆகிறது. உண்மையான தடித்த எழுத்தின் 41-க்கு மிக அருகில்.

குறை இல்லாமல் இல்லை. 9 பாகமே தடித்த கிடைக்கோட்டை 15.6 பாகம் உயர்த்தி மீண்டும் இட்டால், இரண்டுக்கும் நடுவே 6.6 பாகம் வெண்மையாக நிற்கும். மை பரவும் தாளில் இது மூடிவிடலாம். நுண்மையான அச்சில் ஒரு கோடு இரண்டாகத் தெரியும்.

எது போதும்?

அப்படியானால் இந்தப் போலித் தடிப்பு வேண்டாமா? இடத்தைப் பொறுத்தது. உரைநடையில் அது கண்ணை உறுத்தும். உண்மையான தடித்த எழுத்துரு இருக்கும்போது அதைத் தவிர்ப்பதே நல்லது. கணிதத்தில் குறி அழகாக இருப்பதைவிட வேறுபட்டுத் தெரிவது முக்கியம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். வெக்டருக்குத் தடித்த குறி கிடைக்காத இடத்தில் கனூத்தின் முக்கோணம் அந்த இலுப்பைப்பூ.

தடிப்பு பொருளைத் தாங்குகிறது என்பதை யூனிகோடு முறையும் ஏற்றுக்கொண்டது. 2001-இல் வெளியான அதன் 3.1 பதிப்பில், கணிதத்துக்குரிய தடித்த ஆங்கில, கிரேக்க எழுத்துகளுக்குத் தனித்தனிக் குறியெண்கள் அளிக்கப்பட்டன. அதாவது தடித்த ஏ, சாதாரண ஏ-யின் இன்னொரு தோற்றம் அன்று. கணிதத்தில் அது வேறோர் எழுத்து.

அந்தத் தேர்வுக்குப் பின் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். வினாத்தாளின் முதல் அச்சுப்படியை எடுத்து, தடித்திருக்க வேண்டிய ஒவ்வோர் எழுத்தையும் விரல் வைத்துச் சரிபார்க்கிறேன். ஐயம் எழுந்தால், கரும்பலகையில் எழுதுவதைப் போலவே எழுத்தின் தலைமேல் ஓர் அம்புக்குறி இட்டுவிடுகிறேன். அம்புக்குறியைத் தடித்த எழுத்தென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அதைப் பார்த்த மாணவர் எவரும் ‘ஏ-யின் இருமடி’ என்று எழுதியதில்லை.