நெடுஞ்சாலையில் நிற்கும் மனிதர்

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குத் தேசிய நெடுஞ்சாலைகள் நன்கு பழகியவை. கொல்கத்தாவில் உள்ளவரைச் சென்னைக்குக் கொண்டுவருவது 16ஆம் எண் சாலை. தில்லி, மும்பை, புனே நகரங்களில் உள்ளவர்களுக்கு 48ஆம் எண் சாலை. ஸ்ரீநகரில் தொடங்கி நாகபுரி, ஐதராபாத், பெங்களூரு, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரியை அடைவது 44ஆம் எண் சாலை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இச்சாலைகளில் நாம் விரைந்து ஊர் திரும்புகிறோம். இவ்விரைவை நமக்கு அளிப்பவர் யாவர்? பள்ளத்தை அடைப்பவர், தார் ஊற்றுபவர், வெள்ளைக் கோடு தீட்டுபவர், நடுத்திட்டில் உள்ள அரளிச் செடிக்கு நீர் வார்ப்பவர் ஆகிய தொழிலாளரே. அவர்தம் உயிருக்கு என்ன பாதுகாப்பு உண்டு, என்ன பாதுகாப்பு வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவருள் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச்சாலைகளிலும் மாண்டவர்கள். பயணி அச்சாலையைச் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறார். தொழிலாளியோ நாள் முழுவதும் அங்கேயே நிற்கிறார். இரும்புக் கூட்டின் காப்பும் அவருக்கு இல்லை.

அபாயத்தின் அளவை எளிய கணக்கொன்றால் அறியலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார், ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் செல்கிறது. தடையைக் கண்டு, அதனை உணர்ந்து, பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு இரண்டரை விநாடி ஆகும் எனச் சாலைப் பொறியாளர் கொள்வர். அதற்குள் வண்டி 70 மீட்டர் ஓடிவிடும். பின்னர் வேகம் தணிந்து நிற்க மேலும் 110 மீட்டர் வேண்டும். ஆக, நிற்பதற்குத் தேவையான தொலைவு 180 மீட்டர். இதுவே 50 கிலோமீட்டர் வேகமாயின் 60 மீட்டர் போதும். வேகம் இரு மடங்கானால், நிற்கும் தொலைவு மும்மடங்காகிறது. மோதலின் ஆற்றலோ நான்கு மடங்காகிறது.

இனி, பல இடங்களில் நாம் காணும் காட்சியை எண்ணிப் பார்ப்போம். வேலை நடக்கும் இடத்திற்கு ஐம்பது மீட்டர் முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியை அசைத்துக்கொண்டு நிற்கிறார். அவரைக் கடக்கும் கார் இரண்டு விநாடிக்குள் வேலையிடத்தை அடைந்துவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். கொடி பிடித்தவர் கடமையில் தவறவில்லை. அவரை நிறுத்திய இடமே தவறு.

அங்ஙனமாயின் சரியான முறை யாது? 1934ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இண்டியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் அமைப்பு, வேலையிடங்களுக்கென வழிகாட்டி நூல் ஒன்றை வெளியிட்டுள்ளது. 2014இல் அது திருத்தப்பெற்றது. அதன் உட்கருத்து, வேலையிடத்தைத் தனித்தனிப் பகுதிகளாகக் கருதவேண்டும் என்பதாகும். முதலாவது, முன்னெச்சரிக்கைப் பகுதி. 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்', 'வேகத்தைக் குறைக்கவும்' என்னும் பலகைகள் இங்கே ஒன்றன்பின் ஒன்றாக வரவேண்டும். சாலையின் வேகம் கூடுந்தோறும் இதன் நீளமும் கூடவேண்டும். இரண்டாவது, வண்டிகளை ஒரு தடத்திலிருந்து மறு தடத்திற்கு மெல்ல மாற்றும் பகுதி. இங்கே கூம்புகளைச் சாய்வாக, நீண்ட வரிசையில் வைத்தல் வேண்டும்; திடீரெனக் குறுக்கே வைப்பின் அதுவே விபத்தை விளைவிக்கும். அதனை அடுத்து ஆளோ பொருளோ இல்லாத வெற்றிடம் ஒன்று வேண்டும். வழி தவறி நுழையும் வண்டி நிற்பதற்கு உரிய இடம் அது. ஆதலின் ஜல்லியைக் கொட்டுவதற்கோ, நிழலில் அமர்ந்து உண்பதற்கோ அதனைப் பயன்படுத்தலாகாது. அதன் பின்னரே வேலை நடக்கும் பகுதி. இறுதியில் வண்டிகள் பழைய தடத்திற்குத் திரும்பும் பகுதி.

உடையைப் பற்றியும் ஒரு சொல். ஒளிரும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் சட்டை பகலில் உதவுவது. அதன்மீது தைத்துள்ள வெள்ளிநிறப் பட்டையோ இரவில் விளக்கொளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. தாரும் தூசியும் படிந்தால் இரண்டும் பயனற்றுப் போகும். எனவே சட்டையை ஒருமுறை கொடுத்தால் போதாது. அவ்வப்போது மாற்றியும் தரவேண்டும். ஆயினும் சட்டை வண்டியை நிறுத்தாது என்பதை மறத்தலாகாது. ஆளுக்கும் வண்டிக்கும் இடையே கான்கிரீட் தடுப்போ, மோதலைத் தாங்கும் அமைப்புப் பொருத்திய லாரியோ நிற்பதே உண்மையான காப்பு.

செடிக்கு நீர் வார்ப்போரின் நிலை தனியே கூறத்தக்கது. நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், மிக விரைந்து ஓடும் தடம் நடுத்திட்டை ஒட்டியே அமைகிறது. தண்ணீர் லாரி அத்தடத்தில் மெல்ல ஊர்கிறது. ஆட்கள் அதன் அருகே நடக்கிறார்கள். வேலை நகர்ந்துகொண்டே இருப்பதால், காலையில் வைத்த பலகை நண்பகலில் பயன்படாது. மின்னும் அம்புக்குறி பூட்டிய வண்டியொன்று பின்னால் தொடர்ந்து வருதலே இதற்குத் தீர்வு. சொட்டுநீர்க் குழாய் அமைத்துவிட்டால், ஆட்கள் அங்கே நிற்க வேண்டிய நேரமே குறைந்துவிடும்.

அபாயம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. பின்னோக்கி வரும் டிப்பர் லாரியும் சாலை உருளையும் தம் ஆட்களையே நசுக்கக்கூடும். பின்னால் நிற்பவரை ஓட்டுநர் காணார். இயந்திர இரைச்சலில் கூவினாலும் கேளாது. ஒலியெழுப்பும் கருவியும் வழிகாட்டும் ஆளும் இன்றி எவ்வண்டியும் பின்செல்லலாகாது.

சட்டம் உண்டா எனின், உண்டு. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் வகுக்கப்பட்ட பாதுகாப்புத் தரங்களைக் கைக்கொள்ளாமையால் மரணமோ ஊனமோ நேரின், பொறுப்புடைய அதிகாரிக்கோ ஒப்பந்தக்காரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது. ஆயின் தண்டம் விபத்துக்குப் பின் வருவது; கூம்பும் விளக்கும் விபத்துக்கு முன் வரவேண்டியவை. ஒப்பந்தத் தொகையில் பாதுகாப்புச் செலவு மற்றச் செலவுகளோடு கலந்து கிடக்குமானால், முதலில் வெட்டப்படுவது அதுவேயாம். அதனைத் தனி இனமாகப் பிரித்து, களத்தில் கண்டபின் பணம் கொடுப்பதே நல்ல வழி.

நம்மவருள் இத்தகைய பணிகளில் பொறியாளராகவும் மேற்பார்வையாளராகவும் இருப்போர் உளர். அவர்கீழ் வேலை செய்வோர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். பாதுகாப்பு விதியை அவர்தம் மொழியில் சொன்னாலன்றி அது சொன்னதாகாது. வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இவ்வுண்மையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

சாலையில் செல்வோராகிய நாம் செய்யத்தக்கவை சிலவே. முதல் பலகையைக் கண்டவுடன் வேகத்தைக் குறைப்போம். கூம்பு தோன்றும்வரை காத்திரோம். அங்கே முந்திச் செல்ல முயலோம். எச்சரிக்கையின்றி வேலை நடக்கக் கண்டால், தேசிய நெடுஞ்சாலைகளுக்குரிய 1033 என்னும் தொலைபேசி எண்ணில் தெரிவிப்போம். இரண்டு கிலோமீட்டர் தூரம் 100 கிலோமீட்டர் வேகத்தை விடுத்து 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், நமக்கு ஆகும் தாமதம் எழுபத்திரண்டு விநாடிதான். கூம்புகளுக்கு அப்பால் நிற்பவரும் மாலையில் தம் மக்களிடம் திரும்ப வேண்டியவர் ஆதலின், அவ்விநாடிகளை மனமுவந்து அளிப்போமாக.